முழுக் கேக்குக்குத் திறக்காத கதவு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கார்விக் மாவட்டத்தில், காவல் தலைவரான ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் சிறையோடு ஒட்டிய வீட்டில் குடியிருப்பார். கைதிகளுக்குச் சமைப்பது அவர் மனைவியின் கடமை. அப்போதைய ஷெரிஃபின் மனைவி ஓர்ஃபா ஸ்டக்கி தன் வீட்டுக்கு வைத்த பானையிலிருந்தே அவர்களுக்கும் எடுத்தாள். சமையலறையை அடுத்த இரும்புக் கதவின் துவாரத்தில் தகரத் தட்டைத் தள்ளுவாள். தட்டுக்கு மேல் ஒரு விரல்கூட அதில் நுழையாது.

1934 வசந்தத்தில் அக்கதவுக்குப் பின்னால் லீலண்ட் க்ராண்டலும் கூட்டாளிகள் இருவரும் அடைபட்டனர். மூன்று மாநிலங்களில் வங்கிகளைச் சூறையாடியவர்கள். வங்கிகளிடம் நிலத்தைப் பறிகொடுத்திருந்த ஊர் அவர்களை மாப்பிள்ளைகளைப் போலக் கொண்டாடியது. க்ராண்டலின் பிறந்தநாளுக்குத் தேவாலயப் பெண்கள் மூன்றடுக்குக் கேக் ஒன்றைச் சுமந்து வந்தார்கள். அது உள்ளே போகவேண்டுமானால் கதவைத் திறந்தாக வேண்டும். சாவி ஓர்ஃபாவின் இடுப்பில் இருந்தது.

"ஒரு நிமிஷம் திறந்தா குடியா முழுகிடும்?" என்று முணுமுணுத்தார் கணவர் ஏமஸ். "நவம்பர்ல இவங்க வீட்டு ஓட்டுதான் நமக்குச் சோறு."

"ஓட்டுப் போட்டு உங்கள வச்சதே பூட்டி வைக்கத்தானே?"

அவள் ரொட்டிக் கத்தியை எடுத்துக் கேக்கைக் குறுக்கே அறுத்தாள். பெண்கள் அலறினார்கள். உள்ளே கேக்கைத் தவிர ஒன்றும் இல்லை.

"பாத்தியா? எங்களையே சந்தேகப்பட்டியே!" என்றாள் பாதிரியாரின் மனைவி லவினா.

"உங்கள சந்தேகப்படல அக்கா. கதவ நம்பறேன், அவ்வளவுதான்."

துண்டுகளைத் தட்டில் பரப்பித் தள்ளினாள். தட்டு வந்த வழியே சீறி வெளியே விழுந்தது.

"முழுசா வேணும், அம்மணி!" க்ராண்டலின் குரலில் அதுவரை இருந்த தேன் வற்றியிருந்தது. "கதவத் திற! இல்லேன்னா வெளிய வந்ததும் உன் வீட்டக் கொளுத்துவேன்!"

"தம்பி, உனக்குக் கேக்கு வேணுமா, கதவு வேணுமா? கேக்குன்னா தரேன். கதவு நான் சமைக்கறதில்ல. ராத்திரிக்குப் பீன்ஸ்."

ஏமஸ் வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

ஆயுதக் காவலர்கள் வந்து மூவரையும் விலங்கிட்டு நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும்வரை அந்தக் கதவு திறக்கவில்லை. தேவாலயப் பெண்களும் மன்னிக்கவில்லை. நவம்பரில் ஏமஸ் தோற்றார். சிறைவீட்டைக் காலி செய்த பின் வந்த முதல் ஞாயிறன்று, ஓர்ஃபா தேவாலயத்தின் முன்வரிசைக்கு நேராக நடந்துபோய் லவினாவின் அருகில் நின்றாள்.

"கொஞ்சம் நகருங்க அக்கா," என்றாள்.