படம் முடிந்தது, புத்தகம் முடியவில்லை

என் மனைவி நன்றாகத் தமிழ் பேசுவாள். ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. ஆந்திர எல்லை ஊரான நகரியில் தறிக்காரக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு மீடியம். இந்தப் பக்கத்தில் இதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. தெலுங்கு பேப்பரை டெண்டர் விளம்பரம் உட்பட விடாமல் படித்துவிடுவாள். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவாள். அதனால், சித்தூர் கருவூல அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவளுக்கு நாவல் வாசித்துக் காட்டுவது என் உத்தியோகமாயிற்று. சம்பளம் கிடையாது. மேலதிகாரி மட்டும் உண்டு.

போன வருடம் நாங்கள் எடுத்தது, கல்லூரி நாட்களில் நான் ஒரே ஒரு தடவை படித்திருந்த தடித்த நாவல். ஒரு ரயில்வே ஊர், அதில் அக்காவும் தங்கையும். அக்கா சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். தங்கை அதே வீட்டில் இருக்கிறாள். அக்கா திரும்பி வருவாளா என்பதுதான் கதை. மற்றதெல்லாம் வானிலை வர்ணனை.

"மேகத்த தள்ளிட்டு மனுசங்ககிட்ட வாங்க" என்பாள் மனைவி, வேர்க்கடலை உரித்துக்கொண்டே.

நான் தள்ளமாட்டேன். ஒரு பில்லில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் திருப்பி அனுப்பியவன் நான். நாவலாசிரியரின் மேகத்தைத் தள்ள எனக்கு ஏது அதிகாரம்?

கதையின் பாதியில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில், பிறகு சமதரையில், பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. திருப்பதிக்கு அழைத்துப் போனோம். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள்.

அதன்பின் நடக்க வேண்டியதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வூதியர் அட்டையை எந்தக் கவுன்டரில் காட்டுவது, முன் அனுமதி வாங்க யாரைப் பிடிப்பது, ரத்தம் கொடுக்க எத்தனை பேரைக் கூட்டிவருவது, எதற்கு இரண்டு ஜெராக்ஸ், எதற்கு மூன்று. வரிசையில் நின்ற மற்றவர்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். சொன்னேன். என்னுடைய சந்தேகம் ஒன்றுதான். அதற்குக் கவுன்டர் இல்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் நாவல் சினிமாவாக வந்தது. திருப்பதியில் அதன் தெலுங்குப் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பேப்பரில் அவள்தான் பார்த்தாள்.

"இன்னாங்க, நம்ம கத படமா வந்துக்கீது. போலாம்."

"இன்னும் பாதிகூட ஆகல. முடிச்சிட்டுப் பாக்கலாம்."

"நீங்க ஒரு மேகம்கூட விடாம படிச்சிக்கினு கீறீங்க. அவ அக்கா வர்றதுக்குள்ள என் தேதி வந்துடும். படம்னா ரெண்டரை மணி நேரம். தெரிஞ்சிக்கினு போயிடலாம்."

போயிடலாம் என்ற சொல்லை அவள் தியேட்டருக்குத்தான் சொன்னாள். எனக்கு அது வேறெங்கோ போய் விழுந்தது. தெரிந்துகொண்டு போக என்ன அவசரம், வந்து தெரிந்துகொள்ளக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயத்தில், "டிக்கெட் கிடைக்குமா பாக்கறேன்" என்றேன்.

வால்வு மாற்றுவதற்கு முன் பல் மருத்துவர் சான்று வேண்டும். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி புது வால்வுக்குப் போய்விடுமாம். ஆகவே காலையில் திருப்பதியில் பல் மருத்துவர். அவர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து அனுப்பினார். மத்தியானம் மேட்னி. பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவளால் பேச முடியவில்லை. விமர்சனம் முழுவதையும் முழங்கையால் செய்தாள். புத்தகத்தில் ஒற்றை அறையாக இருந்த வீடு திரையில் மாடியோடு வந்தபோது ஒரு இடி. தங்கைக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு காதலன் வந்தபோது இரண்டு. எங்கள் ஆசிரியர் அத்தியாயம் அத்தியாயமாகக் கட்டிய மேகமெல்லாம் ஒரே பாட்டுக்குள் கடந்து போனபோது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள்.

கடைசியில் ரயில் வந்தது. அக்கா இறங்கினாள். மழை, கட்டிப்பிடிப்பு, வயலின். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. நான் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் என் மனைவியின் கழுத்து நரம்பு துடிப்பதையும் தோள் ஏறி இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு அழலாமா என்று எந்த டாக்டரிடமும் கேட்டு வைக்கவில்லையே என்று தோன்றியது. நடைமுறையில் அது ஒரு ஓட்டை.

சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் பஞ்சைத் துப்பினாள்.

"புஸ்தகத்துலயும் வர்றாளா?"

"ஞாபகம் இல்ல."

"என்னிக்கோ வந்த ஜி.ஓ.வுக்கு நம்பர் சொல்றீங்க, தேதி சொல்றீங்க. இது ஞாபகம் இல்லியா?"

"ஜி.ஓ.வுக்கு ஆடிட் வரும். நாவலுக்கு யார் வர்றாங்க?"

"காணிப்பாக்கம் புள்ளையாருகிட்ட வந்து சத்தியம் பண்ணுவீங்களா?"

"பண்றேன்."

பொய்ச் சத்தியத்தை அந்தப் பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்பார்கள். தாராளமாகப் பண்ணியிருப்பேன். உண்மையாகவே நினைவில்லை. ரயில்வே ஸ்டேஷன் ஒன்று கடைசியில் வரும் என்பது மட்டும் மங்கலாக இருந்தது. இப்போது அதன் மேலும் மழையும் வயலினும் ஏறி உட்கார்ந்துகொண்டன.

கொஞ்ச தூரம் போனதும் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "வர மாட்டா. சினிமாக்காரன் டிக்கெட் விக்கணும்னு இட்டாந்து விட்டுட்டான். அந்தே, அவ்ளோதான்."

வீட்டுக்கு வந்து கடைசிப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் புரட்டவில்லை. ராகு காலம் பார்த்து ஃபைலில் கையெழுத்துப் போட்ட மேலதிகாரிகளைக் கேலி செய்தே பணிக்காலத்தை ஓட்டியவன், அந்தப் புத்தகத்தைத் தொடும்போதெல்லாம் பின்னட்டைப் பக்கம் விரல் போகாமல் பார்த்துக்கொண்டேன். அக்கா செத்துப்போயிருந்தால்? நான் அதைத் தெரிந்துகொண்டால், அவளிடம் என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? வாசிப்பையே நிறுத்திவிட்டேன். தொண்டை சரியில்லை என்றேன். அவள் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் சேர்த்தார்கள். மத்தியானம் டாக்டர் வந்தார். அவளுக்குத் தெலுங்கும் தமிழும் தெரியும் என்பதால் நான் இங்கிலீஷில் கேட்டேன். அவரும் புரிந்துகொண்டு இங்கிலீஷில் பதில் சொன்னார். அபாயம் எவ்வளவு, வயதைப் பார்த்தால் எப்படி, நுரையீரல் தாங்குமா என்று பேசிக்கொண்டோம். அவர் போனதும் அவள் கட்டிலுக்கடியிலிருந்த பையை இழுத்தாள். புடவைகளுக்கு நடுவிலிருந்து அந்த நாவலை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"கடசிப் பக்கம் படிங்க."

"இப்ப எதுக்கு? நடுவுல எவ்ளோ கீது."

"படிங்கன்றேன்."

"நல்லா ஆயி வீட்டுக்கு வா. வரிசையா படிக்கலாம்."

"சோகமா இருந்தா நான் பயந்துக்குவேன்னு பாக்கறீங்க." குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்துக் கட்டில்காரம்மா திரும்பிப் பார்த்தாள். "காலைல நர்ஸம்மா ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கினு போச்சே, அது தெலுங்குல இருந்துச்சி. நீங்க ரத்த பேங்குக்குப் போயிருந்தப்ப முழுசா படிச்சேன். இன்னா இன்னா ஆவலாம்னு எல்லாம் போட்டிருந்தான். கடசி வரி வரைக்கும் படிச்சிட்டுத்தான் போட்டேன். அதுக்குப் பயப்படாதவ ஒரு கதைக்கா பயப்படுவேன்? நீங்களும் டாக்டரும் இங்கிலீசுல பேசிக்கறீங்க, அது சரி. இந்த எழுத்துகூட எனக்குத் தெரியாது. நீங்கதான் படிக்கணும். ஒழுங்கா படிங்க. மாத்திப் படிச்சா உங்க மூஞ்சில தெரியும்."

பக்கத்துக் கட்டில்காரம்மா தெலுங்கில், "படிக்கச் சொன்னா படிங்க சாரு, எனக்கும் பொழுது போகும்" என்றாள்.

படித்தேன். என்ன வருகிறதென்று தெரியாமலே, அடுத்த வரியை முன்கூட்டிப் பார்க்கத் துணியாமல், ஒவ்வொரு சொல்லாக. அக்கா வரவில்லை. செத்தாள் என்றும் இல்லை. தங்கை ஒருநாள் காலை வீட்டைப் பூட்டுகிறாள். சாவியை எதிர்வீட்டில் கொடுக்கிறாள். ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் வாங்குகிறாள். எந்த ஊருக்கு என்று ஆசிரியர் சொல்லவில்லை. அவ்வளவுதான். மழைகூட இல்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

என் முகத்தைப் பார்த்தாள். சரிபார்த்தாள் என்று சொல்ல வேண்டும்.

"இது தேவல. சினிமால சும்மா அழுதுக்கினே நிக்கறா. இதுல எழுந்து போறா."

"போயி அக்காவப் பாக்கறாளோ என்னவோ."

"அத்த விடுங்க. நாம நிறுத்தின எடத்துல அவ தெருமுனைக்குக்கூட தனியா போமாட்டாளே. டிக்கெட் வாங்கறவளா எப்ப ஆனா?"

"அதெல்லாம் நடுவுல வரும்."

"அதத்தான் படக்காரன் முழுங்கிட்டான்." தலையணையைச் சரிசெய்து படுத்துக்கொண்டாள். "நான் வந்து கேக்கறேன். நடுவுல நீங்க மட்டும் படிச்சிடாதீங்க."

மறுநாள் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே காத்திருப்புக் கூடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறக்கவில்லை. அவள் சொன்னதற்காக என்று பெருமையாகச் சொல்லலாம்; உண்மையில் எழுத்து கண்ணில் நிற்காது என்று தெரியும். சுவரிலிருந்த பெயர்ப் பலகைகளைப் படித்தேன். தீயணைப்பானின் காலாவதித் தேதியைப் படித்தேன், தாண்டியிருந்தது. வேறு நாளாக இருந்தால் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்திருப்பேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். வேறு யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். உட்கார்ந்தேன். சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டார்கள். வால்வு நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்றார் டாக்டர், தெலுங்கில்.

இப்போது சித்தூரில், மறுபடியும் மத்தியானங்களில், விட்ட இடத்திலிருந்து வாசிக்கிறோம். சீக்கிரம் களைத்துவிடுகிறாள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அதன் அளவு சரியா என்று அடிக்கடி சோதனை. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்கிறார்கள். கீரை அந்த மாத்திரையை மட்டுப்படுத்துமாம்; கூடுதலாகத் தின்றுவிட்டாளா என்று தட்டைப் பார்க்கிறேன். அந்த வால்வு உலோகம். மின்விசிறி ஓடாத நேரத்தில், நான் வாசிப்பதை நிறுத்தினால், கைக்கடிகாரத்தைக் காதோரம் வைத்த மாதிரி டிக் டிக் என்று அவள் நெஞ்சிலிருந்து சத்தம் வரும். பத்திக்குப் பத்தி நிறுத்துகிறேன். கேட்டதும் தொடர்கிறேன். ஆசிரியர் வைக்காத இடத்திலும் நிறுத்துகிறேன் போலிருக்கிறது.

"இன்னா, என்னையே கேட்டுக்கினு கீறீங்க?" என்றாள் நேற்று, கண்ணை மூடியபடியே. "அது தானா ஓடும். நீங்க கதைய ஓட்டுங்க."