நெல் காயும் சாலை

மாம்பலத்தில் ரயில் ஏறிய எங்கள் ஞாயிறு நடைக்குழு, படாளத்தில் இறங்கி ஏரிக்கரையோடு நடக்கிறது. கரை முடிகிற இடத்தில் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நெல் காய்கிறது. என் வயதுப் பெண் ஒருத்தி வெறுங்காலை இழுத்து இழுத்து நடந்து அதைக் கிளறுகிறாள். அவள் பின்னால் ஒரே சீராகக் கோடுகள் விழுகின்றன. அந்த அழகைப் பார்த்தபடியே ஷூக்காலோடு நெல்லை மிதித்துவிடுகிறேன்.

“செருப்பக் கழட்டும்மா!”

“இப்ப பஸ்ஸே மேல ஏறிப் போச்சே, அதை ஒண்ணும் சொல்லலையே?”

“பஸ்ஸுக்கு இன்னா தெரியும்? உனக்குத் தெரியுமில்ல?”

ஷூவைக் கழற்றுகிறேன். வெயில் ஏறிய நெல் உள்ளங்காலைச் சுடுகிறது.

“நடக்கத்தானே வந்திருக்கீங்க? அப்படியே காலை இழுத்துகினு போங்க,” என்கிறாள்.

குழு மொத்தமும் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு நெல்லைக் கிளறியபடி அவள் பின்னால் போகிறது. எங்கள் கோடுகள் மட்டும் கோணல்.