கத்திரிக்கா போட்ட பின்னல்

சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலை காயவைக்கும் டிரையரைக் குளிர் காற்றில் வைத்து, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஊதிக்கொண்டிருக்கிறாள் அக்கா. கழற்றிய ஸ்குரூக்கள் சாயம் கலக்கும் கிண்ணத்தில் கிடக்கின்றன. முன்னறையில் ஒரு அம்மாள் தலை நிறையச் சாயத்தோடு கண்ணாடி முன்னால் காத்திருக்கிறார். சாயம் பிடிப்பதற்குள் பின்னறைக்கு ஓடிவந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஓடுவது அக்காவின் வழக்கம். இதுவரை யார் தலையும் வேகவில்லை.

பெண்களுக்கு முடி வெட்டும் கடை அவளுடையது. வயது ஐம்பதைத் தொடப்போகிறது. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கையில் கத்திரியோடு காதருகே நிற்பவளிடம் மரியாதையாக இருப்பதுதான் காதுக்கு நல்லது. ஆன்லைனில் பலரோடு சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டு ஒன்றில் அவள் பெயர் கத்திரிக்கா. கத்திரியையும் அக்காவையும் ஒட்டி அந்தப் பெயரை வைத்தவள் அவள் மகள். முகம் தெரியாத பொடியன்கள், “யார்றா இந்தக் கத்திரிக்கா, பின்னாடியே வந்து போட்டுட்டுப் போகுது” என்று புலம்பினால் அக்காவுக்கு அன்றைக்கு வயிறு தானாக நிறைந்துவிடும்.

அந்த மகள் இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். கணக்குப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் படம் வரையும் வேலைக்குப் போகிறேன் என்றாள். போகக் கூடாது என்றாள் அக்கா. மகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதோடு போன் பேச்சும் நின்றது. இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு விளையாடிய லேப்டாப்பும் மகளோடு போய்விட்டது. விளையாட்டுக்குள் போனால் அவளைப் பார்க்கலாம் என்பது மட்டும் அக்காவுக்குத் தெரியும். அதனால் பாகம் பாகமாக வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்து, தானே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினாள்.

கட்டிய அழகை நேரில் பார்க்க வேண்டும். பொய் இமை ஒட்டும் இடுக்கியால் பிராசஸரைப் பிடித்து உட்காரவைத்தாள். சூடு தணிக்க அதன்மேல் தடவும் பசையைக் கண்ணுக்குக் கீழே கிரீம் தடவுவதுபோல மோதிர விரலால் தடவினாள். உள்ளே தொங்கிய வயர்களைப் பார்த்தபோதுதான் கை சும்மா இருக்கவில்லை. “தலைவிரி கோலமா நிக்குது” என்று சொல்லி, மூன்று மூன்றாகப் பிரித்து, இறுக்கிப் பின்னி, நுனியில் ரப்பர் பேண்டும் போட்டாள்.

விளையாட்டுக்குள் போன முதல் நாளே, சேர்ந்து ஆட மகளிடமிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை சாயங்காலங்களில் இரண்டு பேரும் ஒரே அணியில் ஆடத் தொடங்கினார்கள். ஹெட்போனில் வீட்டுப் பேச்சு கிடையாது. இடது பக்கம் பார், மாடியில் ஒருத்தன் இருக்கிறான், என்னிடம் குண்டு இல்லை, அவ்வளவுதான். அதைக் கேட்கவே அக்கா மத்தியானத்திலிருந்து கடிகாரத்தைப் பார்ப்பாள்.

பிறகுதான் வந்தது அந்தக் கோளாறு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்து, கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி எழுந்திருக்கும். அதுவும் எப்போது? மகள் மெல்லிய குரலில், “அம்மா, ஒண்ணு கேக்கணும்” என்று ஆரம்பிக்கும்போது. ஒரு வாரம் நடந்தால் தற்செயல் எனலாம். மறு வாரமும் நடந்தது. அதற்கடுத்த வாரம் மகள் சொல்லிவிட்டாள்: “பேசப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லும்மா. ஒவ்வொரு தடவையும் சுவிட்சை அணைக்காத. இன்னொரு தடவை இப்படிப் போச்சுன்னா நான் வேற டீம் பாத்துக்கறேன்.”

அன்றிலிருந்து அக்கா பெட்டியும் கையுமாகத் திரிந்தாள். யாருக்காவது தலை அரித்தால் ஷாம்பூவை மட்டும் மாற்றச் சொல்வாள், எண்ணெயையும் சேர்த்து மாற்றவிடமாட்டாள். எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும் என்பாள். கம்ப்யூட்டரிடமும் அதே முறைதான். மெமரி பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். பிளக்கை வேறு சுவருக்கு மாற்றினாள். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை. பின்னலை மட்டும் அவள் தொடவில்லை. அழகாக இருப்பதன்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

வீடுவீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற உத்தியோகம் அவள் கணவருக்கு. தெருவுக்கே அவர் மாமா. அவரும் தன் பங்குக்கு யோசனை சொன்னார்.

“ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்.”

“அதைத்தாங்க அதுவே பண்ணிக்குது.”

கடைசியில் பெட்டியை முழு மூச்சில் ஓடவைக்கும் சோதனை ஒன்றைப் போட்டுவிட்டு நாள் முழுக்க முடி வெட்டினாள். அசையவில்லை. தனியாக உட்கார்ந்து பொடியன்களை வேட்டையாடினாள். அப்போதும் அசையவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சொன்னாள்: “கோளாறு பெட்டியில இல்லங்க. அவகூடப் பேசினாத்தான் வருது. எங்கிட்டதான் இருக்கு.” கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் ஊரில் எல்லாரும் கம்ப்யூட்டரைத்தான் திட்டுவார்கள். தன்னையும் ஓர் உதிரி பாகமாக வைத்துச் சோதிக்க அக்காவால்தான் முடியும்.

அடுத்த சனிக்கிழமை மாமாவை டார்ச்சோடு, மேஜைக்கு அடியில் பெட்டிக்குப் பக்கத்தில் படுக்கச் சொன்னாள். குழிக்குள் குனிந்து மீட்டர் பார்த்துப் பழகிய மனிதர், மறுக்காமல் படுத்துவிட்டார். கால்கள் மட்டும் நடைவழியில் நீட்டிக்கொண்டிருந்தன. மகள் வந்தாள், ஒட்டாமல் ஆடினாள். பாதி ஆட்டத்தில் குரல் இறங்கியது. “அம்மா, அன்னைக்கு நான் கிளம்பும்போது...”

திரை கறுத்தது.

மேஜைக்கு அடியிலிருந்து மாமாவின் குரல் மட்டும் வந்தது. “நீதான்டி ஆட்டுற.”

பயம் வந்தால் அக்காவின் வலது கால் தானாக ஆடும். கல்யாணமான நாளிலிருந்து மாமா பார்ப்பதுதான். ஆடிய முட்டி பெட்டியில் இடித்திருக்கிறது. அக்கா தவழ்ந்து உள்ளே போய், பெட்டியைத் திறந்து, டார்ச்சை வாங்கி அடித்தாள். பின்னினால் முடி குட்டையாகும், வயருக்கும் அதே கதிதான். எட்டாமல் இழுபட்டு, உள்ளே கரண்ட் கொண்டுபோகும் பெரிய பிளக் ஒன்று பாதிதான் உட்கார்ந்திருந்தது. சின்ன இடி போதும், ஒரு நொடி தொடர்பு விட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். இறுக்கிப் பின்னச் சொல்லும் பெண்களிடம் வேர் வலிக்கும் என்று நாள்தோறும் சொல்லுகிறவள், அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கரண்டை அணைத்துவிட்டு, பின்னலை அவிழ்த்து, வயர்களை நீவிவிட்டு, பிளக்கை ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினாள். பெட்டியைக் காலுக்கு எட்டாத மூலைக்குத் தள்ளினார் மாமா.

மறுபடி விளையாட்டுக்குள் நுழைந்தபோது மகள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு இன்னும் எரிந்தது. அக்கா சால்ஜாப்பு எதுவும் சொல்லவில்லை.

“அணைச்சது நான்தான்டி. வேணும்னு இல்ல. நீ பேச ஆரம்பிச்சா எனக்குக் கால் ஆடுது, அது போய்ப் பெட்டியை இடிக்குது. இப்ப சரி பண்ணிட்டேன்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். சிரித்தாளா அழுதாளா என்று பிரிக்க முடியவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கியது. சுவருக்குப் பின்னால் இரண்டு பேரும் பதுங்கியிருந்தபோது மகள் கேட்டாள்.

“அன்னைக்குப் பையோட வாசல்ல நின்னேன். போய்ட்டு வரேன்னு சொன்னேன். நீ கையில இருந்த கத்திரியைக்கூடக் கீழ வைக்கல. ஏன்மா?”

மேஜைக்கு அடியில் கால் ஆடத்தான் ஆடியது. திரை கறுக்கவில்லை.

எதிரிகள் சுவரைச் சுற்றி வந்துவிட்டார்கள். அக்கா மவுசை விட்டுவிட்டாள். கத்திரிக்கா நின்ற இடத்தில் நின்று குண்டு வாங்கிச் சரிய, அவள் இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “சொல்றேன்” என்றாள்.