கபீர் பாயும் மூன்று காபி மெஷின்களும்

காலை ஏழு மணிக்குக் கபீர் மூன்று வீடுகளுக்குப் போன் போடுவார். கழுகுமலை ரோட்டில் ஒரு பல் டாக்டர், ரத வீதியில் உரக்கடை பெருமாள்சாமி, கடையநல்லூரில் தூரத்துச் சொந்தமான ரூபியா. சலாமோ வணக்கமோ முடிந்ததும் ஒரே கேள்விதான்: “மெஷின் எப்படி இருக்குது? ராத்திரி ஒண்ணும் ஒழுகலையே?” டாக்டருக்கே பல்வலி வந்து முகம் வீங்கிக் கிடந்தபோதும் கபீர் மெஷினைத்தான் விசாரித்தார்.

மெஷின் என்றால் காபி மெஷின். கட்டைவிரல் பருமனுள்ள அலுமினியக் குப்பிக்குள் காபித்தூளை அடைத்து மூடியிருப்பார்கள். கேப்சூல் என்று பெயர். மெஷினின் வாயில் ஒன்றைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால், அது குப்பியைக் குத்தி வெந்நீரைச் செலுத்தி, ஓர் ஆளுக்கு வேண்டிய டிகாஷனை இறக்கிக் கொடுக்கும். சங்கரன்கோவிலில் இந்தக் கேப்சூலை விற்பவர் கபீர் ஒருவர்தான். அதைப் போட இந்த வட்டாரத்தில் இருப்பவை மூன்றே மெஷின்கள். ஆகவே அவருடைய சட்டைப்பையில் உப்புப் படிவத்தைக் கரைக்கும் பொடி எப்போதும் இருக்கும். மாதம் ஒருமுறை போய், கேட்காமலே மூன்றையும் கழுவிக் கொடுப்பார். ஒன்று நின்றாலும் மார்க்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

மஸ்கட்டில் ஒரு கம்பெனியின் காபி, டீ போடும் பேன்ட்ரியில் பதினேழு வருஷம் இந்த மெஷினோடு நின்றவர் அவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் வரும்போதெல்லாம் மகள் பாத்திமா ஹனா, விருந்தாளிக்கு எடுத்து வைக்கும் கண்ணாடித் தட்டில்தான் அவருக்குச் சோறு போட்டாள். கடைசி முறை அந்தத் தட்டைப் பார்த்ததும் ஊரோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்தார். தெரிந்த தொழில் ஒன்றுதான். கோயம்புத்தூரில் ஒரு பேக்டரி கேப்சூல் போட்டுத் தர ஒத்துக்கொண்டது, ஆனால் ஆறாயிரத்துக்குக் குறைந்து போட மாட்டோம் என்றது. ஆறாயிரமும் வந்து கட்டிலுக்கடியில் அடுக்கப்பட்ட பிறகுதான் மனைவி ஜரினா கேட்டாள், இதைக் குடிக்கிற மெஷின் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று. கபீர் அதை விசாரித்திருக்கவில்லை.

ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஸ்டால் போட்டுப் பார்த்தார். கேட்டவர்களுக்குக் கேப்சூலை உதிரியாகவும் கொடுத்தார். ராயகிரி வள்ளித்தாய் இரண்டு வாங்கிப் போனவர், மறுவாரமே அவற்றோடு திரும்பி வந்தார். “அர மணி நேரம் பாலுல போட்டுக் கொதிக்க வச்சாச்சு. சாயமே எறங்கலையே” என்றார். கபீர் வேறொரு குப்பியைக் கிழித்துத் தூளை எடுத்துக் காட்டினார். ஜரினா அதை வடிகட்டிக் கொடுக்க, குடித்துவிட்டு வள்ளித்தாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு எதற்கு இதைக் குப்பிக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

ஒரு வருஷம் போனது. கட்டிலுக்கடியில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பெட்டியில் அச்சடித்த கடைசித் தேதிக்கு இன்னும் எட்டு மாதம். மஸ்கட் மேனேஜர் மாதம் ஒருமுறை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார், வேலை காலியாகவே இருக்கிறதென்று. சரக்குத் தேதி முடிந்தால் விமானம் ஏறுவது என்று வீட்டில் பேச்சானது. கண்ணாடித் தட்டை ஜரினா இன்னும் பரணில் ஏற்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெருமாள்சாமியின் மகன் பெங்களூரிலிருந்து அப்பாவுக்குப் புதிய மெஷின் வாங்கி வந்தான். கபீரின் கேப்சூலைப் போட்டதும் அது சிவப்பு விளக்கை மினுக்கி, குப்பியை அப்படியே கீழே தள்ளியது. கபீர் மூன்று முறை போட்டார். மூன்று முறையும் தள்ளியது.

“என்னவே பாய், உம்ம சரக்கைத் துப்புது?” என்றார் பெருமாள்சாமி.

“குப்பி விளிம்புல கம்பெனி அடையாளம் இருக்கணும் அண்ணாச்சி. இது அவங்க ஆளத்தான் உள்ள விடும்.”

பழைய மெஷின் பழைய இரும்புக்குப் போவதாக இருந்தது. கபீர் அதைத் துண்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் முதல் அதற்கு இடம் பார்க்கக் கிளம்பினார். நகைக்கடைக்காரர் ஒருவர் ஆசையாகக் கேட்டார்; அவர் வீட்டு போர்வெல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, உப்பு அதிகம் என்று கபீர் எழுந்துவிட்டார். லாட்ஜில் வோல்டேஜ் ஏறி இறங்கியது. ஓய்வுபெற்ற தாசில்தார் வீட்டில் தண்ணீரும் கரண்டும் சரியாக இருந்தன, குடும்பமே டீ குடித்தது.

“ஹனாவுக்குக்கூட நீங்க இப்படி மாப்பிள்ளை பார்க்க மாட்டீங்க” என்றாள் ஜரினா.

கபீர் யோசித்துத்தான் பதில் சொன்னார். “ஹனாவுக்கு ஒண்ணுன்னா வாயத் திறந்து சொல்லிரும். இது சொல்லாதுல்ல.”

பத்தாம் நாள் சார்பதிவாளர் ஆபீஸ் வழியாக வந்துகொண்டிருந்தார். எதிரே பத்திரம் எழுதும் பொன்செல்வியின் கடை வாசலில், டோக்கனுக்குக் காத்து முப்பது பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே கம்ப்யூட்டருக்கு இன்வெர்ட்டர் இருந்தது. மூலையில் கேன் தண்ணீர் இருந்தது. கபீர் அங்கேயே நின்றுவிட்டார். வந்த விஷயத்தைச் சொன்னதும் பொன்செல்வி தட்டச்சு செய்வதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

“வைக்கதுன்னா வைங்க பாய். காபி விளங்கலைன்னா சாயங்காலமே தூக்கிட்டுப் போயிரணும்.”

முதல் நாளே முகூர்த்த நாளாக அமைந்தது. நிலம் வாங்குகிறவர் ஒரு காபி குடித்தார். அதைப் பார்த்து விற்கிறவரும் கேட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்கள், காபி இல்லாமல் போடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார்கள். பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணனும் தம்பியும், முதல் காபி யாருக்கு என்று புதிதாக ஒரு தகராறைத் தொடங்கினார்கள். கபீர் ஒரு நிமிஷத்துக்கு ஒரு குப்பியாகப் போட்டு, சூடான பாலைக் கலந்து, யாரையும் பார்க்காமல் மெஷினின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் மெஷினைத் தூக்கச் சொல்ல யாரும் வரவில்லை. பொன்செல்வி மேஜையை அரை அடி நகர்த்தி அதற்கு இடம் விட்டிருந்தார்.

நாலு மாதத்தில் கட்டிலுக்கடி காலியானது. மஸ்கட்டுக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டார். வீட்டில் அவருக்கும் எல்லோரையும் போல எவர்சில்வர் தட்டு வந்தது. ஆனால் காலி ஆனதும்தான் அடுத்த வில்லங்கம் புரிந்தது. இன்னொரு ஆறாயிரம் சொல்ல வேண்டும். அத்தனையும் இந்தக் கிழட்டு மெஷினை நம்பித்தான். இந்த வடிவத்தில் மெஷின் செய்வதைக் கம்பெனிக்காரன் நிறுத்தி மூன்று வருஷமாகிறது. நின்றால் மாற்றுப் பாகம் கிடைக்காது.

பேக்டரியிலிருந்து அழைப்பு வந்தபோது அவர் பொன்செல்வியின் கடையில்தான் இருந்தார். எத்தனை போடட்டும் என்று கேட்டார்கள். மெஷின் ஒரு குப்பியைக் குத்தி முனகிக்கொண்டிருந்தது. கபீர் அதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை போய், கடைக்கு முதுகைக் காட்டி நின்று, மெஷினுக்குக் கேட்டுவிடாதபடி போனையும் வாயையும் சேர்த்து உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எண்ணிக்கையைச் சொன்னார்.