எல்லோரும் படுத்தார்கள், நான் மட்டும் நின்றேன்

2009-ஆம் வருஷம், கார்த்திகை மாதம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில், குமராட்சி வட்டாரத்தில் இருக்கும் என் மாமியார் வீட்டில் நாத்தனாருக்கு வளைகாப்பு. மழை கொட்டித் தீர்த்திருந்தது, வாசலில் தண்ணீர் வடியவே இல்லை. தள்ளி வைக்கலாமே என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழாம் மாதம் தாண்டிவிடுமாம்.

புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் எல்லாம் நான்தான் கையால் பிசைந்தேன். எங்கள் வீட்டில் மருமகள் கடைசியில்தான் சாப்பிடுவாள். வந்தவர்கள் கிளம்பி, பாத்திரமெல்லாம் ஒழித்துப் போட்ட பிறகு. அவள் என்ன சாப்பிட்டாள், சாப்பிட்டாளா இல்லையா என்று யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அன்றைக்கு நான் சாப்பிடப் போகும்போது, சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த என் கணவரின் சித்தி என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனார். நாத்தனார் மிச்சம் வைத்த இலையை அப்படியே என் கையில் கொடுத்து, "இதுல சாப்புடும்மா. புள்ளத்தாச்சி மிச்சத்தைச் சாப்டா வவுத்துல தங்கும்பாங்க. யார்கிட்டயும் சொல்லிக்காத" என்றார். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தையில்லை. நம்பினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த நிலைமையில் யார் எதைச் சொன்னாலும் செய்யத் தோன்றும். நின்றபடியே வழித்துச் சாப்பிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் சாயங்காலம் ஆரம்பித்தது. முதலில் மாமியார், அப்புறம் என் கணவர், அப்புறம் சித்தி. வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆளைப் பிழிந்து போட்டுவிட்டன. கடைசியில் நாத்தனாரும் விழுந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஒவ்வொரு வாயாகப் புகட்டினேன். வாளி, துடைப்பம், துணி, மறுபடி வாளி. துவைத்துப் போட்ட பாவாடை ஒன்றும் அந்த மழையில் காயவில்லை. எனக்கு மட்டும் ஒரு ஏப்பம்கூடத் தப்பாக வரவில்லை.

அதுதான் வம்பாகப் போனது. படுத்த இடத்திலிருந்தே மாமியார் என் கணவரிடம் சொன்னார்: "சோத்தைப் பெசஞ்சவ மட்டும் குத்துக்கல்லாட்டம் நிக்குறா பாருடா. அவ ஒரு வாய் தின்னாளா, நீ பாத்தியா? வயித்தெரிச்சல்ல என்னா பண்ணித் தொலைச்சாளோ. எம் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆவட்டும், அன்னைக்கே இவளைக் கடலூர் பஸ்ஸுல ஏத்தி அப்பன் வீட்டுக்கே அனுப்பிடணும்."

என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முடியாமல் படுத்திருக்கிறார் என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன். கையில் வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழக்கூடத் தெம்பில்லை.

தெருவிலிருந்த ஒரு வேனைப் பிடித்து எல்லோரையும் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் டிரிப்ஸ் ஏறியது. டாக்டர் நாத்தனாரைப் பரிசோதித்துவிட்டு, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். நான் அவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையா? நீங்க அங்க என்ன சாப்டீங்க?" என்றார்.

மாமியார் தலையைத் திருப்பினார். "கேளுங்க சார், நல்லா கேளுங்க. அவ எங்க சாப்டா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "உங்க பொண்ணு எலையிலதான் அத்தை சாப்டேன். அவ மிச்சம் வச்சதை வழிச்சுச் சாப்டேன். எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "ஆமாக்கா, நான்தான் குடுத்தேன்" என்று சித்தி முனகினார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர்தான் பேசினார். "தண்ணியில வந்த வைரஸா இருக்கும்மா. அது குடல்ல ஒட்டுறதுக்கு ஒரு பிடி வேணும். ரத்த குரூப்போட அடையாளம் முக்கால்வாசிப் பேருக்கு எச்சில்லயும் குடல்லயும் இருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டுதான் ஏறும். சில பேருக்குப் பொறப்புலயே அங்க அது கிடையாது. வந்த வைரஸ் வந்த வழியே போயிடும். டெஸ்ட் பண்ணாம அடிச்சுச் சொல்ல முடியாது. எல்லாக் கிருமிக்கும் இது பொருந்தாது."

"நான் ஓ பாசிட்டிவ் சார்" என்றார் என் கணவர். அவருக்கு அதுதான் கவலை.

"குரூப்பை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. அந்தப் பிடி இல்லாமப் போறது அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேருந்தும் வரணும். உங்க வீட்ல இப்படி வேற யாராச்சும் உண்டாம்மா?"

அப்பா ஞாபகம் வந்தது. கடலூர்ப் பக்கம் நான் பிறந்த ஊரான குடிகாட்டில், ஒரு மழைக்காலத்தில் தெருவே வயிற்றுப்போக்கில் விழுந்தபோது, நானும் அப்பாவும் மட்டும் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு என்று அம்மா திட்டுவாள்.

நாத்தனாருக்குப் பெண் பிறந்தது, நல்லபடியாக. மாமியார் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, "நீ மொதல்ல சாப்புடு" என்று தட்டை நகர்த்தினார். அதோடு சரி. மறுவாரம் பழையபடி கடைசிப் பந்திதான். பிற்பாடு எனக்கும் ஒரு பையன் பிறந்தான். இலை மிச்சத்தாலா, சிகிச்சையாலா என்று நான் யாரிடமும் வாதாடுவதில்லை. அவனுக்கு அப்பன் வயிறு, ஊரில் யாருக்கு வாந்தி வந்தாலும் அவனுக்கும் வரும்.

டாக்டர் சொன்னது சொந்தக்காரர்கள் மத்தியில் நன்றாகவே பரவிவிட்டது. சேத்தியாத்தோப்பில் யாருக்காவது வயிறு கெட்டாலும் போன் எனக்குத்தான் வருகிறது: "உனக்குத்தான் ஒட்டாதே, நீ கொஞ்சம் வந்துடு." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். பழி போனதே பெரிது என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் எனக்கு அந்த நோய் வராது என்று தெரிந்துகொண்ட இத்தனை பேரில், எனக்கும் அலுப்பு வரும் என்று தெரிந்துகொண்டவர்தான் இன்றுவரை ஒருவரும் இல்லை.