அறுத்த வலையை முடிந்து தந்தவர்

எங்கள் அக்கா கண்மூடி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. திருத்தணி நெசவுக் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் கடல் உயிரியல் படித்து, எழுபதுகளில் இராமநாதபுரம் கடற்கரைக்கு ஆராய்ச்சிப் பணிக்குப் போனவர். அழிந்துவரும் கடல்பசுக்களைக் காப்பது அவருடைய வேலை. அங்குள்ள மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். "மலைக்கோயில் ஊர்ல பொறந்துட்டு மீனுக்கு வைத்தியம் பாத்துகினு இருக்குது" என்று இங்கே உறவினர்கள் சிரிப்பார்கள். அது மீன் அல்ல, குட்டிக்குப் பால் கொடுக்கும் பிராணி என்று சொல்லிச் சொல்லியே அக்கா அலுத்துப்போனார்.

அரக்கோணத்தில் ரயில்வே மாப்பிள்ளை அமைந்ததும், வேலையை விடச்சொல்லி அழைத்துவர எங்கள் நைனா புறப்பட்டார். உண்மையைச் சொல்கிறேன், நானும் நைனா பக்கம்தான்.

நைனா போய்ச் சேர்ந்த அன்று ஒரு மீனவரின் வலையில் ஆவுளியா சிக்கியிருந்தது. கரையோரம் இழுத்து வந்துவிட்டார்கள்; மூச்சு மட்டும் இருந்தது. வலையை அறுத்தால் அது பிழைக்கும், ஆனால் மீனவர் கடலுக்குப் போக முடியாது. சட்டத்தைக் காட்டி அக்கா மிரட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

"அறுங்கண்ணே, நான் முடிஞ்சு தர்றேன்."

"படிச்ச பிள்ளைக்கு வலை முடியத் தெரியுமா தாயி?" என்று அவர் சிரித்தாராம்.

பக்கத்தில் நின்ற நைனா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னே வந்தார். "தறிக்காரன் பொண்ணுங்க அது. அறுந்த இழைய முடியறது எங்களுக்குப் புதுசா? நானும் கூட உக்காந்து முடியறேன். அறுங்க."

அறுத்தார்கள். அது ஒருமுறை மூக்கைத் தூக்கி மூச்சு விட்டு ஆழத்துக்குப் போயிற்று. அப்பாவும் மகளும் மூன்று நாள் மணலில் உட்கார்ந்து வலையை முடிந்தார்கள். தறியில் போடும் அதே முடிச்சுதான். நைலான் மட்டும் விரலைக் கிழித்தது. நான்காம் நாள் நைனா தனியாக ரயிலேறினார். "மாப்ள வூட்டாருக்கு நான் சொல்லிக்கிறேன். நீ இரும்மா" என்றாராம். அதற்காக அம்மாவிடம் அவர் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

அதன்பின் எத்தனை வலைகள்! மஞ்சள் பற்றுப் போட்ட விரல்களோடுதான் அக்கா அறிக்கை எழுதுவார். அவரைப்போல ஒருவரை நான் பார்த்ததில்லை. நோயோடு திருத்தணிக்குத் திரும்பிப் படுத்தபோதும், "நான் போயிட்டா யாருக்குடா வலைய அறுக்க மனசு வரும்?" என்று ஒரே கவலை.

அக்காவைப் பரிவோடு பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த சித்திக்கும், தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. அந்த மீனவருக்கும்தான். போன மாதம் அவர் எழுதியிருந்தார்:

"குட்டியோட ஒரு ஆவுளியா மாட்டுச்சு. அறுத்து விட்டுட்டோம். வலைய நாங்களே முடிஞ்சுக்கிட்டோம்."