முயல் கூண்டுக்கு ஒரு ஜாகா

மலேசியாவின் லகாட் ஊரில் ஐயாவு அண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் வாசலில் இருபத்தேழு வருடம் ஜாகாவாக, அதாவது காவல்காரராக நின்று, போகிறவர் வருகிறவர் பையையெல்லாம் சோதித்தவர். அவர் காலத்தில் எறும்புகூட வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போகும். அந்த எறும்புகளின் பெயர்கூட அவருக்குத் தெரியும் என்பார்கள்.

பிறந்தது சுங்காய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில். தோட்டம் செம்பனையாக மாறியபோது லகாட்டுக்கு வந்துவிட்டார். மனைவி இறந்து, பிள்ளைகள் சிங்கப்பூர் போய், வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றபின் வீட்டில் சந்தேகப்பட ஆளில்லை. ஒரு ஜோடி முயல் வாங்கினார். பெண் முயலுக்கு வெள்ளச்சி என்று பெயர்.

வெள்ளச்சி முதல் ஈற்றில் ஏழு குட்டி போட்டது. மூன்றாம் நாள் கூண்டுக்குள் வைத்திருந்த ஈற்றுப் பெட்டியில் இரண்டுதான் கிடந்தன. அவற்றுக்கும் உயிரில்லை, உடம்பெல்லாம் கடித்த காயம். ஐயாவு நேராகப் பக்கத்து வீட்டு வேலிக்குப் போனார்.

"கலாதேவி, உன் பூனையைத் தூக்கிட்டு வா. வாயைப் பார்க்கணும்."

"உங்களைக் கண்டாலே அது வாயை மூடிக்குதுண்ணே."

இரண்டாம் ஈற்றுக்குக் கூண்டில் பூட்டுப் போட்டார். சாவி இடுப்பில். எட்டுக் குட்டி பிறந்தது. நாலாம் நாள் ஒன்றுமில்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. பூனைக்குப் பூட்டைத் திறக்கத் தெரியாது என்பதால் அதை விடுதலை செய்துவிட்டு, கை உள்ளவர்களை நினைக்க ஆரம்பித்தார். அன்றைக்கென்று கலாதேவி வீட்டில் கறி வாசம்.

"என்ன கறி?"

"சேவல்."

"எலும்பைக் காட்ட முடியுமா?"

அவள் தட்டோடு கொண்டுவந்து வேலிக்கட்டை மேல் வைத்தாள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். அதன்பிறகு இரண்டு வாரம் அவள் இவரிடம் பேசவில்லை.

மூன்றாம் முறை வெள்ளச்சி சினையானபோது, ஒரு சாயங்காலம் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதனிடமே சொன்னார்: "இந்தத் தடவையும் குட்டி போச்சுன்னா உன்னை சிலிம் ரிவர் இறைச்சிக்காரர்கிட்ட கொடுத்துடுவேன். எனக்கு வேற வழி தெரியல." சொல்லிவிட்டு ஒரு கீரைத் தண்டை உள்ளே நீட்டினார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கலாதேவிக்குக் கேட்டது. கோபம் போகவில்லை; ஆனாலும் சுங்காயில் முயல் வளர்க்கும் தன் தம்பி ரூபனுக்குப் போன் போட்டாள்.

"தாய்க்குப் பயம் வந்துட்டா அதுவே குட்டியைக் கடிச்சித் தின்னுடும்க்கா," என்றான் ரூபன். "கூண்டுகிட்ட ஒரு நாளைக்கு எத்தனை பேர் போறாங்கன்னு பாருலா."

வெள்ளச்சி தன் வயிற்று மயிரைப் பிடுங்கிப் பெட்டியில் மெத்தை போட ஆரம்பித்த அன்று, கலாதேவி ஒரு நோட்டோடு காலையிலிருந்து ஜன்னலில் உட்கார்ந்தாள். சாயங்காலம் நோட்டை வேலி மேல் வைத்தாள்.

"படிங்கண்ணே."

ஐயாவு எழுந்து நின்றபடியே படித்தார். பதிவுப் புத்தகம் என்றால் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. ஏழு மணி, ஐயாவு, டார்ச் அடித்தார். எட்டு மணி, ஐயாவு, மூடியைத் தூக்கினார். ஒன்பது மணி, ஐயாவு. முழங்காலுக்குத் தைலம் தேய்த்த கையோடு மயிரை விலக்கிப் பார்த்தார். தொழிற்சாலையில் மணிக்கு ஒரு சுற்று சுற்றிய கால் வீட்டிலும் நிற்கவில்லை. ஆறு மணிவரை அதே பெயர்தான்.

பக்கத்தைப் புரட்டினார். "வேற யாரும் வரலியா?"

"வரல."

"நீ?"

"நான் எழுதிக்கிட்டுல்ல இருந்தேன்."

ரூபன் சொன்னதையும் சொன்னாள். அவர் கூண்டைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "இந்த ஆளை உள்ளே விடக்கூடாது," என்றார். இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினார். "வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடு, தங்கச்சி."

மறுநாள் எட்டுக் குட்டி. கலாதேவி காலையில் ஒரே ஒரு தடவை போவாள். மனுச வாசம் தெரியாமலிருக்கக் கூண்டுப் புல்லில் கையைத் தேய்த்துக்கொண்டு பெட்டியை எட்டிப் பார்ப்பாள். தண்ணீர் வைத்துவிட்டு வந்துவிடுவாள். ஐயாவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பஸ் ஏறி ஈப்போ போனார், திரும்பினார், மறுபடி போனார். நாலாம் நாள், தன்னை வேவு பார்க்கத்தான் பஸ் கம்பெனி இவரை வைத்திருக்கிறது என்று பயந்து அந்த பஸ் டிரைவர் வேறு தடத்துக்கு மாற்றல் கேட்டுவிட்டாராம்.

பன்னிரண்டாம் நாள் கலாதேவி கூப்பிட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்துவிட்டு ஒரு குட்டியை எடுத்துக் கொடுத்தாள். கண் திறந்திருந்தது. உள்ளங்கையில் சூடாக மூச்சு விட்டது. பெட்டியில் இன்னும் ஐந்து. வெள்ளச்சி மூலையில் பேசாமல் புல் மென்றுகொண்டிருந்தது.

"நீ எங்கயும் போக வேணாம்," என்றார் அதனிடம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எட்டுன்னு சொன்னியே?"

"ரெண்டு பிறந்த அன்னிக்கே செத்துடுச்சுண்ணே. வாழையடியில புதைச்சேன்."

"பாவம்." குட்டியைப் பெட்டிக்குள் வைத்தார். வாழைமரங்கள் பக்கம் எட்டிப் பார்த்தார். "எந்த வாழை?"

கலாதேவி மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.